சாப்பருக்கு ராக் இசை எப்போது வந்து சேர்ந்தது?

கம்பெனி வண்டியை வெட்டி உருமாற்றிச் செய்யும் சாப்பர் பைக் என்றதும் பலருக்கும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். முன்சக்கரத்தைத் தாங்கி நீண்டு கிடக்கும் ஃபோர்க், தோளுக்கு மேலே ஏறி நிற்கும் ஹேண்டில்பார், ஆளில்லாத அமெரிக்க நெடுஞ்சாலை, பின்னால் உறுமும் எலெக்ட்ரிக் கிடார். வண்டியும் அந்த இசையும் ஒட்டிப் பிறந்தவை என்றே தோன்றும். உண்மையில் இரண்டும் தனித்தனியாக வளர்ந்தவை. 1969-ல் ஒரு சினிமாவின் எடிட்டிங் அறையில்தான் அவை அழுத்தமாக ஒட்டவைக்கப்பட்டன. அதற்கு முன்னால் இருபது வருடங்களுக்கும் மேலாக அமெரிக்காவில் வண்டியை வெட்டி ஓட்டியவர்கள் இருந்தார்கள், அவர்களுக்கென்று இசையும் இருந்தது. அது வேறு இசை. அந்த இசையும், அந்த வண்டிகளைக் கட்டிய சிலரும் கதையிலிருந்தே காணாமல் போனது எனக்கு நெடுநாள் வருத்தம். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரின்போது ஹார்லி-டேவிட்சன் நேச நாட்டு ராணுவங்களுக்காகச் சுமார் 90,000 வண்டிகளைச் செய்து கொடுத்தது. போர் முடிந்ததும் அவற்றில் பல உபரிச் சரக்காக மலிவு விலையில் சந்தைக்கு வந்தன. ஊர் திரும்பிய சிப்பாய்களுக்கு ராணுவத்தில் கற்ற மெக்கானிக் வேலை தெரியும், கையில் கொஞ்சம் பணமும் இருந்தது. அமைதியான வாழ்க்கைக்குள் உடனே போய் உட்கார முடியாத மனசும் இருந்தது. ஹார்லியோ கனமான வண்டி. பிரிட்டனிலிருந்து வந்த டிரையம்ஃப், பி.எஸ்.ஏ. போன்ற இலகுவான வண்டிகள் அதைச் சுலபமாக முந்தின. எஞ்சினை மாற்றக் காசு வேண்டும், எடையைக் குறைக்க ஒரு ரம்பம் போதும். முன் மட்கார்டைக் கழற்றினார்கள், பின் மட்கார்டைப் பாதியாக வெட்டினார்கள், பெரிய ஹெட்லைட், பெட்டி, அலங்காரத் தகடு எல்லாவற்றையும் எடுத்துப் போட்டார்கள். இப்படிக் குறைக்கப்பட்ட வண்டிக்கு பாபர் என்று பெயர். சாப்பருக்கு முந்தைய தலைமுறை அது.

ஆரம்பத்தில் வேகத்துக்காகத்தான் வெட்டினார்கள். 1950-களின் முடிவில் தோற்றத்துக்காக வெட்டுவது தொடங்கிவிட்டது. ஃபோர்க்கை நீட்டினார்கள். ஃபோர்க் மட்டும் நீண்டால் வண்டியின் மூக்கு வானத்தைப் பார்க்கும். அதைச் சரிசெய்ய ஃப்ரேமில் ஃபோர்க் மாட்டும் கழுத்தை வெட்டி, இன்னும் சாய்வான கோணத்தில் மறுபடி வெல்டிங் வைத்தார்கள். கம்பெனி வண்டியில் ஏறக்குறைய 30 டிகிரி இருக்கும் அந்தச் சாய்வு சாப்பரில் 40, 45 என்று போகும். இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. கழுத்தின் சாய்வை நேர்கோடாகத் தரைவரை நீட்டினால், அந்தக் கோடு முன் டயர் தரையைத் தொடும் இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் போய் விழும். அந்த இடைவெளி அதிகமானால் நேர்சாலையில் வண்டி தண்டவாளத்தில் போவதுபோல நிலையாக ஓடும். ஆனால் மெதுவாகப் போய்த் திருப்பும்போது முன்சக்கரம் தன் எடையிலேயே ஒரு பக்கமாகச் சரியும், கைக்குப் பாரமாக இருக்கும். நல்ல சாப்பர் கட்டுபவருக்கும் வெறுமனே நீட்டி வைப்பவருக்கும் உள்ள வித்தியாசம் இங்கேதான் தெரியும். லாஸ் ஏஞ்சல்ஸில் 1970-களின் தொடக்கத்திலிருந்து வேலை செய்த ஷுகர் பேர் என்ற கறுப்பினக் கலைஞர் ஸ்பிரிங் வைத்த நீள ஃபோர்க்குகளில் இந்தக் கணக்கைச் சரியாகப் பிடித்தவர் என்று பெயர் வாங்கினார். அவர் கட்டிய ஃபோர்க், பார்க்க எவ்வளவு நீளமாக இருந்தாலும், திருப்பத்தில் சொன்னபடி கேட்கும் என்பார்கள்.

நீளம் ஒரு பக்கம் என்றால் குறைப்பு இன்னொரு பக்கம். பின் ஷாக் அப்சார்பர் இல்லாத கட்டி ஃப்ரேம், கிக்கர் மட்டும், பல வண்டிகளில் முன் பிரேக்கே கிடையாது. வண்டியின் எலும்பு வெளியே தெரிய வேண்டும் என்பதுதான் ரசனை. பெட்ரோல் டேங்கையும் சின்னதாக்கினார்கள். ஹார்லியின் ஸ்போர்ட்ஸ்டர் வரிசையில் வந்த, வேர்க்கடலை என்று செல்லப்பெயர் பெற்ற டேங்க் சாப்பர்காரர்களுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. அதில் சுமார் 8 லிட்டர்தான் பிடிக்கும்.

அந்த 8 லிட்டரைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள், இசை விஷயம் புரிந்துவிடும். சாப்பரில் ரேடியோ கிடையாது. இருந்தாலும் கேட்காது, காற்றும் சைலன்சரும் சேர்ந்து எல்லாவற்றையும் விழுங்கிவிடும். ஓடும்போது எஞ்சின் மட்டும்தான். பெரிய எஞ்சின், சின்ன டேங்க் என்பதால் நூறு, நூற்றைம்பது கிலோமீட்டருக்குள் நிறுத்தியே ஆக வேண்டும். நிறுத்துமிடத்தில் ஒரு பெட்ரோல் பங்க், பக்கத்தில் ஒரு சாப்பாட்டுக் கடை அல்லது பார், உள்ளே காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ். சாப்பர்காரர்களின் இசை அங்கேதான் இருந்தது. அப்புறம் வண்டி கட்டும் பட்டறையில், ராத்திரி முகாம் போட்ட இடத்தில், கிளப் வீட்டின் நடனத்தில். சாலையில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகும்போது கிடார் ஒலிப்பது சினிமாவில் மட்டுமே நடந்தது.

சாலையில் கேட்ட அந்த எஞ்சினைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹார்லியின் இரண்டு சிலிண்டர்களும் 45 டிகிரி இடைவெளியில் சாய்ந்து நிற்கும். இரண்டு பிஸ்டன்களின் கனெக்டிங் ராடுகளும் ஒரே கிராங்க் பின்னில் மாட்டப்பட்டிருக்கும். அதனால் வெடிப்புகள் சம இடைவெளியில் நடக்காது. ஒரு சிலிண்டர் வெடித்து 315 டிகிரி சுற்றியதும் மற்றது வெடிக்கும், அதன்பின் 405 டிகிரி கழித்து மறுபடி முதலாவது. சுருக்கினால் ஏழுக்கு ஒன்பது. மெதுவாக ஓடும்போது குட்டையும் நெட்டையுமாக அடி விழுவது நன்றாகவே கேட்கும். தெருமுனையில் கேட்கும் சத்தத்தை வைத்தே 'புல்லட் வருது' என்று சொல்லும் நம் ஊர்க்காரர்களுக்கு இந்த மோகத்தை விளக்கத் தேவையில்லை. புல்லட்டின் ஒற்றைச் சிலிண்டர் சீராக அடிக்கும், ஹார்லி நொண்டி அடிக்கும். இந்தச் சத்தத்துக்கு வணிகமுத்திரை உரிமை கேட்டு ஹார்லி நிறுவனம் 1994-ல் விண்ணப்பம் போட்டது. மற்ற நிறுவனங்கள் எதிர்த்தன, ஆறு வருடம் கழித்து ஹார்லியே விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது.

இந்த எஞ்சினின் தாளம்தான் ராக் இசையை இழுத்துவந்தது என்று ஒரு கருத்து உண்டு. கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் வரலாறு ஒத்துழைக்கவில்லை. ராக் வருவதற்கு முன்பே இந்த எஞ்சின் பல வருடங்களாக ஓடிக்கொண்டிருந்தது, அதன் பக்கத்தில் வேறு வேறு இசைகள் ஒலித்தன.

1947 ஜூலையில் கலிஃபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சின்ன ஊரில் நடந்த பந்தயத் திருவிழாவுக்கு எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாகப் பைக்காரர்கள் வந்து குவிந்தார்கள். குடி, சண்டை, தெருவில் பந்தயம். 'லைஃப்' பத்திரிகையில் பீர் பாட்டில்களின் நடுவே பைக்கில் சாய்ந்திருக்கும் ஒருவரின் படம் வந்தது, நாடே பார்த்தது. அந்த நிகழ்ச்சியைத் தழுவி 1953-ல் மார்லன் பிராண்டோ நடித்த 'தி வைல்ட் ஒன்' வந்தது. பைக் கும்பலைப் பற்றி ஹாலிவுட் எடுத்த முதல் பெரிய படம். பிராண்டோ ஓட்டியது டிரையம்ஃப். எதிர்க் கும்பலின் தலைவனாக வரும் லீ மார்வின்தான் வெட்டிக் குறைத்த ஹார்லியில் வருவார். அந்தப் படத்துக்கு இசை ஜாஸ். லீத் ஸ்டீவன்ஸ் அமைத்த இசையில் ஷார்ட்டி ராஜர்ஸ் என்ற மேற்குக் கரை ஜாஸ் கலைஞரின் பங்கு பெரியது. கடையில் பையன்கள் ஜூக்பாக்ஸைத் தட்டினால் வருவதும் டிரம்பெட்டும் சாக்ஸஃபோனும்தான். அன்றைய பார்வையாளருக்கு அடங்காத இளைஞன் என்றால் ஜாஸ் கேட்பவன். அதுவே அவர்களுக்கு இயல்பாகப் பட்டது.

பதின்மூன்று வருடம் தள்ளி 1966-ல் ரோஜர் கோர்மன் இயக்கிய 'தி வைல்ட் ஏஞ்சல்ஸ்' வந்தது. இதற்குள் வண்டிகள் முழுச் சாப்பர்களாகிவிட்டன, இசையும் மாறிவிட்டது. டேவி ஆலன் அண்ட் தி ஆரோஸ் என்ற குழு கலிஃபோர்னியாவின் கடலலைக் கிடார் இசையிலிருந்து வந்தது. அவர்கள் கிடார் ஒலியை வேண்டுமென்றே சிதைத்து, கிழிந்த ஸ்பீக்கர் போல ஒலிக்கவைக்கும் ஃபஸ் கருவியை முழுசாகத் திருகிவிட்டு வாசித்தார்கள். பாடகர் இல்லை, வார்த்தை இல்லை. அந்தப் படத்துக்காக வாசித்த ஒரு துண்டு இசை 1967-ல் அமெரிக்காவின் முதல் நாற்பது பாடல்களுக்குள்ளேயே வந்தது. அடுத்த சில வருடங்கள் மலிவாக எடுக்கப்பட்ட எத்தனையோ பைக் படங்கள் இந்த ஒலியை நகலெடுத்தன. என் காதுக்கு, எஞ்சினின் சத்தத்தை இசையாகப் பிடித்தது யார் என்று கேட்டால் டேவி ஆலன்தான். பின்னால் வந்தவர்களின் புகழில் அவர் பெயர் அடங்கிப்போனது அநியாயம்.

அப்புறம் 1969 ஜூலை, 'ஈஸி ரைடர்'. பீட்டர் ஃபோண்டாவும் டென்னிஸ் ஹாப்பரும் இரண்டு சாப்பர்களில் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து கிழக்கே போகிறார்கள். படத்தின் நாயகர்களே வண்டிகள்தான் என்று சொல்லலாம். மணிக்கணக்காக வண்டி ஓடும் காட்சிகளை எடுத்துக்கொண்டு வந்தார்கள். அதை வெட்டிக் கோர்க்க உட்கார்ந்த எடிட்டர் டான் கேம்பர்ன், பார்க்கச் சலிக்காமல் இருக்கத் தன்னிடம் இருந்த இசைத்தட்டுகளைப் பின்னணியில் ஓடவிட்டார். தற்காலிக ஏற்பாடுதான். புதிதாக இசையமைக்கும் யோசனையும் இருந்தது. ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் அந்த இசைத்தட்டுகளோடு காட்சியைப் பார்த்துப் பழகிவிட்டார்கள், மாற்ற மனம் வரவில்லை. ஸ்டெப்பன்வுல்ஃப், தி பேர்ட்ஸ், ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்று ஏற்கெனவே வெளிவந்த பாடல்கள் அப்படியே படத்தில் நின்றன. உரிமைகளுக்குக் கொடுத்த பணம் படம் எடுத்த செலவையே தாண்டியதாகச் சொல்வார்கள்.

படத்தின் தொடக்கத்தில் வரும் ஸ்டெப்பன்வுல்ஃப் பாடல் 'பார்ன் டு பி வைல்ட்' இன்றைக்கும் பைக்காரர்களின் கீதமாகவே வாழ்கிறது. அது படத்துக்காக எழுதப்பட்டதில்லை. ஒரு வருடம் முன்பே, 1968-ல், அமெரிக்கப் பட்டியலில் இரண்டாம் இடம்வரை போய்விட்டு வந்த பாட்டு. எழுதியவர் மார்ஸ் பான்ஃபயர், குழுவின் டிரம்மருடைய அண்ணன். பைக் ஒன்று பூமியைப் பிளந்து வெளியே வருவதாக வரைந்த ஒரு சுவரொட்டியும், தான் முதல்முதலில் வாங்கிய காரும் சேர்ந்துதான் பாட்டு பிறந்தது என்று அவர் சொல்லியிருக்கிறார். முதல் காரில் சுற்றிய சந்தோஷத்தில் பாதி பங்கு உள்ள ஒரு பாட்டு, சாப்பரின் சொந்தக் குரலாக மாறியது எடிட்டிங் மேசையின் வேலை. இதனால் பாட்டின் மதிப்பு குறைந்துவிடாது, காட்சியும் இசையும் அவ்வளவு கச்சிதமாகச் சேர்ந்துகொண்டன. ஆனால் அந்தச் சேர்க்கையை இயற்கை என்று நம்பத் தொடங்கிய பிறகுதான் மற்ற எல்லாம் மறைந்தது.

மறைந்ததில் முதலில் சொல்ல வேண்டியது அந்த வண்டிகளைக் கட்டியவர்களை. அமெரிக்கக் கொடி டேங்க் வைத்த 'கேப்டன் அமெரிக்கா' என்ற சாப்பர்தான் உலகத்திலேயே அதிகம் பேர் பார்த்த பைக்காக இருக்கும். போலீஸ் ஏலத்தில் வாங்கிய, பான்ஹெட் என்ற எஞ்சின் வைத்த பழைய ஹார்லிகளிலிருந்து அதைத் திட்டமிட்டவர் கிளிஃப் வாஸ், பட்டறையில் கட்டியவர் பென் ஹார்டி. இருவரும் லாஸ் ஏஞ்சல்ஸின் கறுப்பினத்தவர்கள். வாஸ் தெற்கு மாநிலங்களில் கறுப்பினத்தவரின் சம உரிமைப் போராட்டத்தில் வேலை செய்த புகைப்படக்காரர். ஹார்டி அந்த வட்டாரத்துப் பைக்காரர்கள் மரியாதையோடு தேடிப்போன மெக்கானிக். படத்தின் பெயர்ப்பட்டியலில் வண்டி கட்டியவர்கள் என்று இவர்கள் பெயர் இல்லை. திரையில் சாப்பர் ஓட்டுபவர்களில் ஒரு கறுப்பு முகமும் இல்லை. ஹார்டி 1994-ல் இறந்தார். அவர் கை பட்ட வேலை என்று ஊரறியப் பேசத் தொடங்கியது அதற்கும் வெகுகாலம் கழித்து. 2014-ல் 'கேப்டன் அமெரிக்கா' என்று சொல்லப்பட்ட ஒரு வண்டி 13.5 லட்சம் டாலருக்கு ஏலம் போனது, அது அசல்தானா என்ற சண்டை வேறு.

இசையிலும் இதே கதைதான் நடந்தது. கலிஃபோர்னியாவின் ஓக்லண்ட் துறைமுக நகரம். போர்க்காலத்தில் கப்பல் கட்டும் வேலைக்காக டெக்சஸ், லூசியானா பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கான கறுப்பினக் குடும்பங்கள் வந்து குடியேறின. கூடவே அவர்களின் ப்ளூஸ் இசையும் வந்தது. ஏழாவது தெருவின் கிளப்புகளில் அது ராத்திரி முழுக்க ஒலித்தது. லோவெல் ஃபுல்சன், ஜிம்மி மெக்ராக்லின் போன்றவர்கள் அந்த ஊர் ப்ளூஸை நாட்டுக்கே கேட்கவைத்தார்கள். அதே ஊரில் 1959-ல் டோபி ஜீன் லெவிங்ஸ்டன் ஈஸ்ட் பே டிராகன்ஸ் என்ற கிளப்பைத் தொடங்கினார். லூசியானாவில் குத்தகை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர் அவர். கறுப்பினத்தவர் மட்டும், ஹார்லி மட்டும் என்று விதி வைத்த கிளப். லாஸ் ஏஞ்சல்ஸில் அதே காலத்தில் தொடங்கிய சோசன் ஃபியூ கிளப் பிறகு வெள்ளையரையும் சேர்த்துக்கொண்டது. இவர்கள் உலகத்தில் சாப்பரின் பக்கத்தில் ஒலித்தது ப்ளூஸும், அதிலிருந்து வளர்ந்த ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் ப்ளூஸ்) இசையும், பிறகு சோல் இசையும். நீள ஃபோர்க், குரோமியம் பூச்சு, பளபளக்கும் பெயிண்ட் எல்லாம் அங்கேயும் இருந்தது. தெற்குக் கலிஃபோர்னியாவின் மெக்சிகோ வம்சாவளி இளைஞர்கள் தாழ்த்திய கார்களில் பழைய சோல் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்கள். அவர்கள் ஹார்லி பக்கம் வந்தபோதும் அந்த மெதுவான காதல் பாட்டுகளை விடவில்லை.

இன்னும் கொஞ்சம் தோண்டினால், வெள்ளைக்கார ராக் குழுக்களின் வேரும் அங்கேயே போகிறது. ஸ்டெப்பன்வுல்ஃபின் முதல் ஆல்பத்திலேயே சிகாகோ ப்ளூஸின் வில்லி டிக்சன் பாட்டு ஒன்று இருக்கிறது. 1970-களில் பைக்காரர்கள் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடிய டெக்சஸ் குழு ஸீ ஸீ டாப்பின் (ZZ Top) தாள ஓட்டம், ஜான் லீ ஹூக்கர் என்ற மனிதர் ஒற்றைக் கிடாரோடு காலைத் தட்டி வாசித்ததிலிருந்து வந்தது. வண்டியைக் கட்டிய கை கறுப்பு, பாட்டின் ஊற்றுக்கண்ணும் கறுப்பு. சுவரொட்டியில் அச்சான முகம் மட்டும் வேறு.

'ஈஸி ரைடர்' வந்து ஐந்து மாதம்கூட ஆகவில்லை, 1969 டிசம்பர் 6 அன்று கலிஃபோர்னியாவின் ஆல்டமான்ட் பந்தயத் திடலில் ரோலிங் ஸ்டோன்ஸ் ராக் குழு இலவச நிகழ்ச்சி நடத்தியது. சுமார் மூன்று லட்சம் பேர் கூடினார்கள். மேடையைச் சுற்றிக் காவலுக்கு ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற பைக் கும்பலை நிறுத்தியிருந்தார்கள். அங்கே மெரிடித் ஹண்டர் என்ற 18 வயது கறுப்பின இளைஞர் ஏஞ்சல்ஸ் ஒருவரின் கத்திக்குத்தில் இறந்தார். பைக்காரர்களையும் ராக் இசையையும் பற்றிய இனிப்பான பேச்சு அந்த ராத்திரியோடு பெருமளவு அடங்கியது.

அதற்குப் பிந்தைய பத்தாண்டில் சாப்பர்காரர்கள் அமெரிக்கத் தெற்கு மாநிலங்களின் ராக் பக்கம் சாய்ந்தார்கள். அதில் ஆல்மன் பிரதர்ஸ் குழுவுக்குத் தனி இடம், காரணம் அவர்களே பைக் பைத்தியங்கள். கிடார் மேதை டுவேன் ஆல்மன் ஃபோர்க்கை நீட்டிய ஸ்போர்ட்ஸ்டர் வைத்திருந்தார். 1971 அக்டோபர் 29 அன்று ஜார்ஜியா மாநிலத்தின் மேக்கன் நகரில், முன்னால் திரும்பிய லாரியைத் தவிர்க்க முயன்று விபத்தில் இறந்தார். 24 வயது. நீட்டிய ஃபோர்க் திருப்பும்போது கைக்குப் பாரமாக இருக்கும் என்று மேலே சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் கழித்து, அதே நகரில், பக்கத்துத் தெருக்களில், குழுவின் பேஸ் கிடார் கலைஞர் பெர்ரி ஓக்லியும் பைக் விபத்தில் போய்ச் சேர்ந்தார். அவருக்கும் 24. இந்தக் கலாசாரத்தை நேசிப்பவர்கள் இந்த இரண்டு மரணங்களையும் தாண்டிப் பேசக் கூடாது என்பது என் எண்ணம். முன் பிரேக் இல்லாத வண்டி படத்தில் அழகு, சாலையில் அதற்கு விலை உண்டு.

அதே 1971-ல் ஹார்லி நிறுவனமே சூப்பர் கிளைட் என்ற மாடலைக் கொண்டுவந்தது. பட்டறைக்காரர்கள் செய்ததைப் பார்த்துக் கம்பெனி செய்த வண்டி. அதற்குப் பின் சாப்பர் மோகம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தது. 2000-களில் டிஸ்கவரி சேனலின் நிகழ்ச்சிகள் பட்டறைச் சண்டைகளை உலகம் முழுக்கக் காட்டின, சாப்பர்கள் பல்லாயிரம் டாலருக்கு விற்றன. 2008 பொருளாதாரச் சரிவில் அந்தச் சந்தை உடைந்தது. மிஞ்சியவர்கள் பழைய எஞ்சினைத் தேடிப்பிடித்துத் தாங்களே கட்டும் இளைஞர்கள்.

இன்றைக்கு ஓடும்போதே பாட்டுக் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு வேறு வண்டி வந்துவிட்டது. பேகர் என்னும் பெரிய பயண வண்டிகளில் முன்கவசத்திலும் பக்கப் பெட்டியிலும் ஸ்பீக்கர் வைத்துத் தெருவையே அதிரவைக்கிறார்கள். சாப்பர்காரர்கள் இன்னும் பழையபடி நிறுத்தின பிறகுதான் கேட்கிறார்கள்.

சாப்பருக்கான பாட்டுப் பட்டியல் என்று தேடினால் 1968-லிருந்துதான் ஆரம்பித்துத் தருவார்கள். கொஞ்சம் பின்னால் போய் ஆரம்பியுங்கள். முதலில் ஓக்லண்டில் பதிவான லோவெல் ஃபுல்சன். அடுத்து ஷார்ட்டி ராஜர்ஸின் டிரம்பெட். பிறகு டேவி ஆலனின் கிழிந்த கிடார், சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேட்க வேண்டும். அதன்பின் ஸ்டெப்பன்வுல்ஃபைப் போடுங்கள், அது எங்கிருந்து வருகிறது என்று இப்போது நன்றாகவே கேட்கும். கடைசியாக, டுவேன் இறப்பதற்கு ஏழு மாதம் முன்பு, 1971 மார்ச்சில் நியூயார்க்கின் ஃபில்மோர் ஈஸ்ட் அரங்கில் ஆல்மன் பிரதர்ஸ் நேரடியாக வாசித்த பதிவு. ப்ளூஸ், ஜாஸ், ராக் மூன்றும் அதில் ஒன்றாக ஓடுகின்றன. ராத்திரியில், அவசரமில்லாத நேரத்தில், முழுசாகக் கேளுங்கள்.